பீகிள்போன் பிளாக்: எம்பெடட் லினக்ஸ் கற்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

எம்பெடட் லினக்ஸ், அதாவது கருவிகளுக்குள் பதித்து ஓட்டும் லினக்ஸைக் கற்க, பீகிள்போன் பிளாக் என்ற குட்டிக் கணினிப் போர்டை வாங்கி மேசையில் வைத்ததும் எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரு வரியோடு முடிந்துவிடும்.

இது என்ன போர்டு? ராஸ்பெர்ரி பை மாதிரிதானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ளங்கை அளவு, நெட்வொர்க் சாக்கெட், யுஎஸ்பி, மெமரி கார்டு சந்து எல்லாம் உண்டு. அமெரிக்காவின் பீகிள்போர்டு அறக்கட்டளை 2013 ஏப்ரலில் 45 டாலருக்கு வெளியிட்டது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சிதாரா வரிசையைச் சேர்ந்த ஏஎம்3358 சிப், 1 கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-ஏ8 கோர் ஒன்றே ஒன்று, 512 எம்பி ரேம். முதலில் வந்தவற்றில் போர்டிலேயே 2 ஜிபி ஈஎம்எம்சி (ஒட்டவைத்த சேமிப்புச் சிப்) இருந்தது. 2014இல் வந்த ‘சி’ திருத்தத்தில் அதை 4 ஜிபி ஆக்கினார்கள்.

இன்றைய கணக்கில் வேகம் குறைவு. படம் பார்க்கவோ இணையத்தில் உலவவோ வாங்கினால் ஏமாந்து போவீர்கள். இதன் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சிப்பின் கையேடு ஐந்தாயிரம் பக்கத்துக்குப் பக்கமாக, யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது. போர்டின் சர்க்யூட் வரைபடம், பிசிபி (சர்க்யூட் பலகை) கோப்புகள் எல்லாம் பொதுவில் உள்ளன. மின்சாரம் வந்த நொடியிலிருந்து லாகின் கேட்கும் வரை என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு படியாக நீங்களே மாற்றிப் பார்க்கலாம். ராஸ்பெர்ரி பையில் முதல் படிகளை நிறுவனம் தரும் மூடிய ஃபர்ம்வேர் செய்துவிடும். நீங்கள் கெர்னலிலிருந்து, அதாவது லினக்ஸின் மையப் பகுதியிலிருந்துதான் கதையைத் தொடங்குவீர்கள். எம்பெடட் லினக்ஸ் வேலைக்குப் போகிறவருக்கு அந்த முதல் இரண்டு நொடிதான் பாடமே.

கூட என்னென்ன வாங்க வேண்டும்?

மூன்று சாமான். ஒன்று, 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் கேபிள் (போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் பார்க்க). இரண்டு, 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், முனை 5.5க்கு 2.1 மில்லிமீட்டர், நடுவில் பாசிட்டிவ். மூன்று, ஒரு நல்ல மெமரி கார்டு. யுஎஸ்பி கேபிள் வழியாகவே போர்டு ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வழியில் 500 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்காது. யுஎஸ்பி வைஃபை ஒன்றைச் செருகியதும் போர்டு பொசுக்கென்று அணைந்தால் காரணம் அதுதான்.

சீரியல் கேபிள் அவசியமா? யுஎஸ்பியில் செருகினால் எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழி லாகின்) கிடைக்கிறதே?

கிடைக்கும். கணினியில் செருகினால் போர்டு ஒரு நெட்வொர்க் கார்டாகத் தெரியும், 192.168.7.2 முகவரியில் உள்ளே போகலாம். ஆனால் அது லினக்ஸ் முழுதாக எழுந்த பிறகு கிடைக்கும் வசதி. நமக்குத் தகராறு வருவதெல்லாம் லினக்ஸ் எழுவதற்கு முன்னால். சீரியல் இல்லாமல் போர்டு வேலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி பழுது பார்ப்பது போல. வாங்கிய அன்றே மாட்டிவிடுங்கள்.

மாட்டுவது சுலபம். பி9 என்ற நீளமான பின் வரிசைக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் ஆறு பின் வரிசைதான் அது. வெள்ளைப் புள்ளி இருக்கும் முனை 1ஆம் பின், அது கிரவுண்டு. 4ஆம் பின்னில் போர்டு கேட்கும், 5ஆம் பின்னில் போர்டு பேசும். ஆகவே கேபிளின் டிஎக்ஸ் (அனுப்பும் கம்பி) 4க்கு, ஆர்எக்ஸ் (வாங்கும் கம்பி) 5க்கு. இதை மாற்றிக் கொடுத்துவிட்டு அரை நாள் தேடியவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருவன். வேகம் 115200, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். மினிகாம் என்ற சீரியல் டெர்மினல் நிரலில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை அணைக்க மறக்காதீர்கள். அணைக்காவிட்டால் போர்டு சொல்வது திரையில் வரும், நீங்கள் தட்டுவது மட்டும் போகாது. ரிச்சி தெருவில் வாங்குபவர்கள் 5 வோல்ட் கேபிளைக் கையில் திணித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜம்பர் வைத்து 3.3க்கும் 5க்கும் மாற்றுகிற வகையாக இருந்தால் ஜம்பரை ஒருமுறை பார்த்துவிட்டே செருகுங்கள்.

பவர் கொடுத்ததும் சீரியலில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் வரிசையாக வருகிறது. போர்டு செத்துவிட்டதா?

இல்லை, அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இந்த ஒரு கேள்வியை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் பாதி எம்பெடட் லினக்ஸ் வந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிப்புக்குள்ளேயே தொழிற்சாலையில் பதித்த ஒரு சின்ன ரோம் நிரல் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது அதுதான். அந்த நேரத்தில் 512 எம்பி ரேம் இருந்தும் பயனில்லை. அதற்கான டைமிங் எதுவும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே. சிப்புக்குள் இருக்கும் சொற்ப எஸ்ரேம் மட்டும்தான் கையில். எனவே ரோம் நிரல் 109 கேபிக்குள் அடங்கும் ஒரு குட்டி லோடரைத் தேடுகிறது. அதன் பெயர் எம்எல்ஓ. லினக்ஸை ஏற்றிவிடும் யூ-பூட் என்ற பூட்லோடரைக் கம்பைல் செய்யும்போது எஸ்பிஎல் என்று ஒன்று தனியாக வருமே, அதுதான் இது.

மெமரி கார்டில் முதல் பார்ட்டிஷன் ஃபேட் வகையாக இருந்து, பூட் கொடி போட்டிருந்தால், எம்எல்ஓ என்ற பெயரில் கோப்பு உண்டா என்று ரோம் பார்க்கும். இல்லையென்றால் குறிப்பிட்ட சில இடங்களில், உதாரணமாகத் தொடக்கத்திலிருந்து 128 கேபி தள்ளி, நேரடியாக எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கும். கிடைத்தால் எஸ்ரேமில் ஏற்றி ஓட்டும். அந்த எஸ்பிஎல் ரேமை எழுப்பும்; பிறகு பெரிய யூ-பூட்டை ரேமில் ஏற்றும். யூ-பூட் கெர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் (போர்டின் வன்பொருள் விவரக் கோப்பு, பின்னால் வருகிறது) ஏற்றும். கெர்னல் ரூட் கோப்பு அமைப்பைப் பிடித்து முதல் புரோகிராமை ஓட்டும். இவ்வளவுதான் சங்கிலி.

ரோம் நிரலுக்கு எங்குமே எம்எல்ஓ கிடைக்கவில்லையென்றால் கடைசி முயற்சிகளில் ஒன்றாக சீரியல் வழியே கேட்கும்: ‘எக்ஸ்மோடம் என்ற சீரியல் கோப்பனுப்பும் முறையில் யாராவது அனுப்புங்களேன்’ என்று. அந்தக் கேள்விதான் ‘சி’. ஆக, ‘சி’ வந்தால் சிப் நன்றாக இருக்கிறது, மின்சாரம் நன்றாக இருக்கிறது, உங்கள் சீரியல் கேபிளும் சரி. கார்டில் எழுதியதில்தான் கோளாறு.

இதையே நீட்டிப் பாருங்கள். எஸ்பிஎல் தன் பெயரை அச்சிட்டுவிட்டு நின்றால் ரேம் அமைப்பிலோ அடுத்த கோப்பைத் தேடும் இடத்திலோ சிக்கல். ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்று சொல்லிவிட்டு அமைதியானால் பெரும்பாலும் கன்சோல் பெயர் தவறு, அல்லது டிவைஸ் ட்ரீ தவறு. கெர்னல் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டு ‘பேனிக்’ என்று விழுந்தால் ரூட் பார்ட்டிஷனைக் காணோம். எந்த வரியில் நின்றது என்பதை மட்டும் சொன்னால் போதும், என்ன கோளாறு என்று பாதி சொல்லிவிடலாம். உதவி கேட்கும்போது ‘பூட் ஆகவில்லை’ என்று மட்டும் சொல்லாமல் அந்தக் கடைசி நான்கு வரிகளை ஒட்டுங்கள், ஐயா.

புதிதாக எழுதிய கார்டைச் செருகினாலும் பழைய சிஸ்டமேதான் வருகிறது. ஏன்?

போர்டு வழக்கமாக முதலில் ஈஎம்எம்சியைத்தான் பார்க்கும். அங்கே எம்எல்ஓ கிடைத்துவிட்டால் கார்டை ரோம் திரும்பிக்கூடப் பார்க்காது. மெமரி கார்டு சந்துக்கு நேர் மேலே ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறது, எஸ்2. அதை அழுத்திக்கொண்டே பவர் கொடுத்தால் வரிசை மாறி கார்டுக்கு முன்னுரிமை வரும்.

‘அழுத்திக்கொண்டே ரீசெட் தட்டினேன், பலிக்கவில்லை’ என்பார்கள். பலிக்காது. அந்தப் பொத்தானின் நிலை மின்சாரம் வரும் கணத்தில் மட்டும்தான் பதிவாகும். ஒயரைப் பிடுங்கிச் செருக வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இங்கேயே. சிப் கையேட்டில் மெமரி கார்டுக்குப் பெயர் எம்எம்சி 0, ஈஎம்எம்சிக்கு எம்எம்சி 1. எஸ்பிஎல் அச்சிடும் வரியிலோ கார்டு எம்எம்சி 1, ஈஎம்எம்சி எம்எம்சி 2. ஒருவர் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறார், இன்னொருவர் ஒன்றிலிருந்து. திட்டிவிட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வேறு வழியில்லை.

டெபியன் லினக்ஸ் நன்றாகத்தானே ஓடுகிறது? சொந்த லினக்ஸைக் கட்டித் தரும் பில்ட்ரூட், யாக்டோ எல்லாம் எதற்கு?

கற்கும் முதல் மாதம் டெபியனே போதும். பொருளாக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. ஆறு மாதம் கழித்து இரண்டாவது போர்டுக்கு அதே சிஸ்டத்தை அப்படியே உருவாக்க முடியுமா? எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு உள்ளே இருக்கிறது, எந்த உரிமத்தில் என்று கேட்டால் பட்டியல் தர முடியுமா? கையால் ஒவ்வொன்றாக நிறுவிய டெபியனில் இதற்குப் பதில் சொல்வது சிரமம்.

பில்ட்ரூட்டில் பீகிள்போனுக்கென்றே ஒரு அமைப்புக் கோப்பு தயாராக இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து மேக் கட்டளை கொடுத்துவிட்டு சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது கார்டில் எழுதத் தயாராக ஒரே இமேஜ் கோப்பு இருக்கும். டூல்செயின் (கம்பைலர் தொகுப்பு), யூ-பூட், கெர்னல், பிசிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) எல்லாம் மூலநிரலிலிருந்து கட்டப்பட்டவை. சில பத்து எம்பிக்குள் முழு சிஸ்டமும் முடிந்துவிடும். முதலில் கற்க வேண்டியது இதுதான் என்பது என் கட்சி.

யாக்டோ 2010இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் தொடங்கிய திட்டம். அடுக்கடுக்காக லேயர்கள், ரெசிபிகள், பல போர்டுகளுக்கு ஒரே மூலத்திலிருந்து இமேஜ் என்று பெரிய குழுக்களுக்கு ஏற்றது. அதிலும் பீகிள்போன் ஒரு மாதிரி மெஷினாகவே கூட வருகிறது. வேலைக்கான நேர்காணலில் பெரும்பாலும் கேட்கப்படுவது இதுதான். ஆனால் வட்டில் நூறு ஜிபியாவது காலி இடம், 16 ஜிபி ரேம், நிறையப் பொறுமை மூன்றும் வேண்டும். முதல் பில்டை இரவு படுக்கப் போகும்போது தொடங்குங்கள். ஆதரவு நீண்ட நாள் கிடைக்கும் பதிப்பையே எடுங்கள். 2024இல் வந்த 5.0, பெயர் ஸ்கார்த்கேப், அப்படிப்பட்டது.

என் கணினியில் கம்பைல் செய்த புரோகிராமைப் போர்டில் ஓட்டினால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறதே!

உங்கள் கோப்பு இருக்கிறது. அது தேடும் டைனமிக் லோடர்தான் (நூலகங்களை ஏற்றித் தரும் நிரல்) இல்லை. ஆர்மில் மிதவைப் புள்ளிக் கணக்கை வன்பொருளில் செய்யும் ஏபிஐ (கம்பைல் ஆன நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் விதிகள்), மென்பொருள் வழியில் செய்யும் பழைய ஏபிஐ என இரண்டு உண்டு. இரண்டுக்கும் லோடர் பெயர் வேறு. டூல்செயின் பெயரின் முடிவில் ‘ஹெச்எஃப்’ இருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்டம் ஜிலிப்சி என்ற வழக்கமான சி நூலகத்துக்குப் பதிலாக மஸ்ல் நூலகத்தில் கட்டப்பட்டிருந்தாலும் இதே செய்திதான் வரும். பில்ட்ரூட் தரும் டூல்செயினாலேயே கம்பைல் செய்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

டிவைஸ் ட்ரீ என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். சுருக்கமாக என்ன?

பிசியில் யுஎஸ்பி, பிசிஐ போன்றவை ‘நான் இன்ன சாதனம்’ என்று தாங்களே சொல்லிவிடும். போர்டில் ஐ2சி என்ற இரு கம்பி பஸ்ஸில் தொங்கும் ஒரு வெப்பமானி அப்படிச் சொல்லாது. யாராவது கெர்னலிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்: இந்த பஸ்ஸில், இந்த முகவரியில், இந்த வகைச் சாதனம், இன்டரப்ட் இந்தக் காலில். அந்த எழுத்துதான் டிவைஸ் ட்ரீ. முன்பு இதையெல்லாம் ஒவ்வொரு போர்டுக்கும் சி நிரலாகவே கெர்னலுக்குள் எழுதிக் குவித்திருந்தார்கள். 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆர்ம் பகுதியின் அலங்கோலத்தைப் பார்த்துக் கத்திய பிறகு வேகமாக இந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.

பீகிள்போனில் இதை முதலில் சந்திக்கும் இடம் பின்மக்ஸ், அதாவது எந்தப் பின்னுக்கு என்ன வேலை என்று தேர்வது. பி8, பி9 என்று இருபுறமும் 46 பின்கள் வீதம் மொத்தம் 92. சிப்பின் கால் ஒவ்வொன்றுக்கும் எட்டு முகம் வரை உண்டு: அதே கால் ஜிபிஐஓவாகவும் (சாதாரண ஆன்-ஆஃப் பின்) இருக்கலாம், பிடபிள்யூஎம்மாகவும் (துடிப்பு அகலம் மாற்றுவது) இருக்கலாம், யுவார்ட்டாகவும் (சீரியல்) இருக்கலாம். எது என்று டிவைஸ் ட்ரீயில் சொல்ல வேண்டும். பி8இன் 27 முதல் 46 வரை ஹெச்டிஎம்ஐ எடுத்துக்கொள்கிறது. 3 முதல் 6, 20 முதல் 25 வரை ஈஎம்எம்சிக்கு. ‘அந்தப் பின்னில் எல்இடி எரியவே மாட்டேன் என்கிறது’ என்று வருபவர்களில் பாதிப் பேர் இந்த எண்களில்தான் மாட்டியிருப்பார்கள்.

எண் குழப்பம் இன்னொன்று. பி9இன் 12ஆம் பின், சிப்பின் கணக்கில் ஜிபிஐஓ 1ஆம் தொகுதியின் 28ஆவது கால். பழைய பாடங்களில் 32ஐயும் 28ஐயும் கூட்டி 60 என்று எழுதியிருப்பார்கள். அந்த உலகளாவிய எண்ணை நம்பி இனி நிரல் எழுதாதீர்கள். கெர்னலுக்குக் கெர்னல் மாறும். லிப்ஜிபிஐஓடி நூலகத்தில் தொகுதியும் கால் எண்ணும் தனித்தனியாகக் கொடுப்பதே சரி.

போர்டை எரித்துவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பின்கள் எல்லாம் 3.3 வோல்ட். அனலாக் உள்ளீடுகள் 1.8 வோல்ட்தான், அதற்கு மேல் கூடாது. ஆர்டுயினோவில் பழகியவர்கள் 5 வோல்ட் சென்சாரை நேரே மாட்டிவிடுவார்கள், அதோடு சரி. ஒரு பின்னிலிருந்து சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். ரிலேக்கு இடையில் டிரான்சிஸ்டர் போடுங்கள்.

இவற்றை எல்லோரும் படித்திருப்பார்கள். படித்தும் தவறுவது வேறொன்று: போர்டு அணைந்திருக்கும்போது எந்தப் பின்னிலும் மின்னழுத்தம் இருக்கக் கூடாது. என் முதல் போர்டு அப்படித்தான் போனது. சென்சாருக்குத் தனி சப்ளை வைத்திருந்தேன். இரவில் போர்டை மட்டும் அணைத்துவிட்டு சென்சார் சப்ளையை அப்படியே விட்டுவிட்டேன். ரேடியோவில் எஃப்எம் ஓடிக்கொண்டிருக்க, நிம்மதியாகத் தூங்கவும் போனேன். சென்சாரின் 3.3 வோல்ட், பின் வழியாக உயிரில்லாத சிப்புக்குள் விடிய விடிய ஒழுகியிருக்கிறது. காலையில் பவர் கொடுத்தால் நீல விளக்கு ஒரு கணம் மின்னி அணைந்தது, அவ்வளவுதான். சென்சாருக்கும் போர்டின் 3.3 வோல்ட் பின்னிலிருந்தே சப்ளை கொடுத்திருந்தால், அல்லது இடையில் ஒரு பஃபர் சிப் வைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

பி8இன் 31 முதல் 46 வரையுள்ள பின்களில் இன்னொரு ஆபத்து. பூட் வரிசை எது என்பதை எழும்போது சிப் அங்கேதான் படிக்கிறது. அங்கே மாட்டிய சர்க்யூட் அந்த நேரத்தில் இழுத்துப் பிடித்தால் போர்டு பூட் ஆகாது. கழற்றினால் ஆகும். பேய் பிடித்தது போலத் தோன்றும்.

பிஆர்யு என்றால் என்ன? எனக்குத் தேவைப்படுமா?

சிப்புக்குள் தனியாக இருக்கும் இரண்டு குட்டி 32-பிட் கோர்கள். 200 மெகாஹெர்ட்ஸ், பெரும்பாலான கட்டளைகள் தலா 5 நானோ நொடி. தலா 8 கேபி நிரல் நினைவகம், 8 கேபி தரவு நினைவகம், இரண்டுக்கும் பொதுவாக 12 கேபி. லினக்ஸ் எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் இவை அசராது. ஸ்டெப்பர் மோட்டாருக்குத் துடிப்பு கொடுப்பது, வினோதமான சீரியல் நெறிமுறையைப் பின்னில் உருவாக்குவது போன்ற வேலைக்கு இதற்கு நிகராக இந்த விலையில் பார்த்ததில்லை. மில்லி நொடி அளவுத் துல்லியம் போதுமென்றால் பிஆர்யு வேண்டாம். கெர்னலின் நிகழ்நேர வசதியை முதலில் முயன்று பாருங்கள்; 2024இல் வந்த 6.12இல் அது பிரதான மரத்திலேயே சேர்ந்துவிட்டது, ஆனால் அந்தப் பதிப்பில் இது போன்ற 32-பிட் ஆர்முக்குத் தனி பேட்ச் வேண்டும்.

ஒவ்வொரு முறை எழும்போதும் தேதி பழையதாக இருக்கிறது. நெட்டில் சான்றிதழ் பிழை வேறு.

போர்டில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. தேதி பழையதென்றால் ‘இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே’ என்று பாதுகாப்பு இணைப்பு மறுத்துவிடும். நெட் இருந்தால் என்டிபி (நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் முறை), இல்லையென்றால் பி9இன் 19, 20 பின்களில் டிஎஸ்3231 கடிகார மாட்யூல்.

கடிகாரம் என்றதும் ஒன்று: இது 32-பிட் சிப். பழைய முறையில் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19இல் நிரம்பி வழியும். இன்று தொழிற்சாலையில் பொருத்தும் பெட்டி அதுவரை ஓடாது என்று சொல்ல முடியாது. கெர்னல் 5.6, ஜிலிப்சி 2.34 இரண்டிலும் தீர்வு இருக்கிறது. ஆனால் புரோகிராம்களையும் 64-பிட் நேரத்தோடு கம்பைல் செய்ய வேண்டும். டெபியன் 13இல் இதைச் செய்துவிட்டார்கள். நீங்களே கட்டும் சிஸ்டத்தில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கரண்ட் போனால் கார்டு கெட்டுவிடுமா?

கெடலாம். ரூட்டைப் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்யுங்கள். எழுத வேண்டியதைத் தனிப் பார்ட்டிஷனில் வையுங்கள். அப்டேட்டுக்கு இரண்டு ரூட் பார்ட்டிஷன் வைத்து மாற்றி மாற்றி எழுதும் முறை நல்லது. ஆர்ஏயுசி, எஸ்டபிள்யூஅப்டேட் என்ற மென்பொருள்கள் இரண்டும் அதைச் செய்யும்.

ஈதர்நெட் சில தடவை மட்டும் வருவதே இல்லை?

பழைய திருத்தங்களில் தெரிந்த விஷயம். எழும்போது பிஹெச்ஒய் (ஈதர்நெட் கம்பியோடு பேசும்) சிப் தன் முகவரியைத் தவறாகப் படித்துவிட்டால் கெர்னலுக்கு அது தென்படாது. பவரை எடுத்துக் கொடுங்கள்.

இப்போது புதிய போர்டுகள் வந்துவிட்டனவே, இதையா வாங்குவது?

2023இல் வந்த பீகிள்ப்ளே நான்கு கோர், 64-பிட், 2 ஜிபி ரேம். பொருளுக்கு அதைப் பாருங்கள். ஆனால் அதில் பூட் சங்கிலி நீளம்: முதலில் தனி ஆர்5 கோர் எழ வேண்டும், பிறகு நம்பகமான ஃபர்ம்வேர், பாதுகாப்பு இயக்குதளம், அதன் பிறகுதான் நாம் அறிந்த யூ-பூட். முதன்முதலாகக் கற்பவர் அதில் விழுந்தால் எழ நாளாகும். ரோம், எஸ்பிஎல், யூ-பூட், கெர்னல் என்று நான்கே படிகளில் முடியும் பிளாக்கில் ஒரு மாதம் பழகிவிட்டுப் போங்கள்.

போர்டின் வடிவமைப்பை எடுத்து நாமே போர்டு செய்து விற்கலாமா?

செய்கிறார்கள். சிப்பைத் தனியாக வாங்க முடியும் என்பது இதற்குப் பெரிய வசதி. ரேமுக்கு ஒயரிங் வரைவது பயமாக இருந்தால் ஆக்டாவோ நிறுவனம் சிப், ரேம், பவர் சிப் மூன்றையும் ஒரே பொட்டலத்தில் தருகிறது. 2017இல் வந்த பாக்கெட்பீகிளில் இருப்பதும் அதுதான். கெர்னலும் யூ-பூட்டும் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் உள்ளவை. பொருளை வாங்கியவர் கேட்டால் நீங்கள் செய்த மாற்றங்களோடு மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். பில்ட்ரூட்டில் இதற்கான பொட்டலத்தை ஒரே கட்டளையில் சேகரித்துவிடலாம்.

முதல் பிசிபி வந்ததும் எல்லோரும் முட்டும் இடம் ஒன்று இருக்கிறது. எஸ்பிஎல் எழுந்ததும் ஐ2சியில் ஒரு ஈஈப்ராமை (மின்சாரம் போனாலும் மறக்காத குட்டி நினைவகம்) படித்து, இது பிளாக்கா, வெள்ளையா (முந்தைய பீகிள்போன்), வேறு போர்டா என்று தெரிந்துகொண்டுதான் ரேம் அமைப்பைத் தேர்வு செய்யும். உங்கள் புது போர்டில் அந்த ஈஈப்ராம் காலியாக இருக்கும், அல்லது செலவு மிச்சம் என்று வைக்காமலே விட்டிருப்பீர்கள். எஸ்பிஎல்லுக்கு ஆள் அடையாளம் தெரியாது, அங்கேயே நின்றுவிடும். சால்டரிங்கைச் சந்தேகித்து ஹாட் ஏர் கன்னை எடுப்பதற்கு முன்னால் யூ-பூட் மூலநிரலில் அந்த அடையாளம் பார்க்கும் இடத்தைத் திறந்து, உங்கள் ரேமுக்கான மதிப்புகளை நேரடியாக எழுதிக் கம்பைல் செய்து பாருங்கள்.